எருமைத்தோலில் எல்லைச் சிகரங்கள்

பனி என்றால் எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இருமுவதற்கு ஒரு சாக்கு. அதற்கு மேல் பனியைப் பற்றித் திண்டுக்கல்லில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஐஸ் என்றால் சோடாக் கடையில் மரத்தூளுக்குள் கிடப்பது. அப்படிப்பட்ட ஊரில், சீனாவோடு நடந்த சண்டை முடிந்த கையோடு, பெரிய மனிதர்கள் மூன்று பேர் இமயமலையில் ஏறத் தொடங்கினார்கள். அவர்கள் ஏறிய இடம் எங்கள் வீட்டு முன்கூடம்.

மூவரில் ஒருவர் என் அத்தா. பேகம்பூர்ப் பக்கம் அவருக்குத் தோல் ஷாப் இருந்தது. பச்சைத் தோலை வாங்கி ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்தி மதராஸுக்கு அனுப்புவார். நான் ஒரே மகள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு?" என்று சொந்தபந்தம் மொத்தமும் கேட்டபோது, "ஒங்க வீட்டு அரிசியிலயா படிக்கிறா?" என்று திருப்பிக் கேட்டவர் அவர். பூகோளம் படித்தேன். ஊரிலேயே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் டீச்சரானேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அத்தா கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொடுமைக்காரராக இருந்திருந்தால் நான் சொல்லவேண்டியது நாலு வரியில் முடிந்திருக்கும்.

இரண்டாமவர் பூட்டுப் பட்டறைக்காரர். அவர் செய்த மாங்காய்ப் பூட்டைத் திறக்கத் திருடன் அவரிடமே வந்து சாவி கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொள்வார். மூன்றாமவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் கையைவிட்டுப் போனபிறகு கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் எப்போதும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மூவரும் சாயங்காலம் அஞ்சரை மணிக்குமேல் எங்கள் வீட்டில் கூடி, டீ குடித்து, பத்திரிகையைப் பங்கு போட்டு வாசித்து, நாட்டைக் காப்பாற்றுவார்கள். நாளடைவில் அதற்கு 'எல்லைச் சிகரக் கமிட்டி' என்று பேரும் வைத்துக்கொண்டார்கள். அத்தா தலைவர். பூட்டுக்காரர் செயலாளர். கார்டு ஆலோசகர். உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது.

அவர்கள் வாதம் ரொம்ப எளிமையானது. சிக்கிமுக்கும் திபெத்துக்கும் நடுவே வரிசையாகச் சிகரங்கள் நிற்கின்றன. எல்லைக்கோடு அந்தச் சிகரங்களின் முதுகுமேல்தான் போகிறது. எதிரி அந்தப் பக்கமாக ஏறுமுன் நாம் இந்தப் பக்கமாக ஏறி உட்கார்ந்துகொண்டால் தீர்ந்தது. ஆகையால் எந்தெந்தச் சிகரத்துக்கு எந்தெந்தப் பாதை உசத்தி என்று முடிவு செய்து சர்க்காருக்குச் சொல்ல வேண்டும். சர்க்கார் கேட்டதா என்றால், அது வேறு விஷயம்.

பாதை சொல்ல மலை வேண்டுமே. அத்தா என்னைக் கூப்பிட்டார். என் காலேஜ் அட்லஸைப் பார்த்து அந்தச் சிகரத் தொடரைப் பெரிசாக வரைந்து தரச் சொன்னார். பிரவுன் காகிதம் வாங்கி வரட்டுமா என்றேன்.

"காயிதம் கிழிஞ்சு போகும்மா. தோல் ஷாப்காரன் வீட்டுல காயிதத்துலயா மலை வரையறது?" என்றார்.

மறுநாள் ஷாப்பிலிருந்து ஒரு முழு எருமைத்தோல் வந்து இறங்கியது. முன்கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு அதை ஆணியடித்து மாட்டினார்கள். வீட்டில் ஒரு வாரத்துக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, அப்படி ஒரு வாடை. அம்மா சாம்பிராணி போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார். நான் ஸ்டூலில் ஏறி நின்று, வண்டிக்குப் பூசும் எனாமல் பெயிண்டில் சிகரம் சிகரமாக வரைந்தேன். பனிக்கு வெள்ளை, பாறைக்குக் கறுப்பு, பனியாறுகளுக்கு நீலம். கணவாய் எங்கே, முகடு எங்கே, பனி வெடித்துப் பிளந்து கிடக்கும் இடம் எங்கே என்று எல்லாவற்றையும் அட்லஸிலும் லைப்ரரிப் புத்தகங்களிலும் தேடித் தேடிக் குறித்தேன். அந்த ஒரு சாண் உயர மலைகளை வரையும்போது எனக்குள் என்னவோ நடந்தது. வரைந்து முடித்தபிறகும் ஸ்டூலைவிட்டு இறங்க மனசு வரவில்லை.

சிகரங்களின் சொந்தப் பெயர்கள் கமிட்டியின் வாயில் நுழையவில்லை. அவர்களே வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் உயரமானது 'பெரியவர்'. பக்கத்துப் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு 'பங்காளிக'. உச்சி தட்டையாக இருந்தது 'டபரா'. எல்லைக்கோட்டை மட்டும் பெயிண்டில் போட வேண்டாம் என்றார் பூட்டுக்காரர். எல்லை என்றால் நாளைக்கு முன்னே பின்னே நகரும், அழித்து அழித்து எழுத முடியாது என்றார். அதனால் சுவரில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இரண்டு ஆணி அடித்து, தோலுக்கு மேலாக ஒரு சிவப்பு நூலை இழுத்துக் கட்டினார்கள். நூலுக்குக் கீழே நாம், மேலே அவர்கள்.

பதப்படுத்திய தோல் ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் இறுகும். இது தோல் ஷாப் வாசலில் கட்டிக் கிடந்த ஆட்டுக்கும் தெரியும். ஆனால் மலை என்று ஆனபிறகு அது தோல் என்பது அத்தாவுக்கே மறந்துவிட்டது. அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்தது. சுவர் ஓதம் ஏறி, எருமைத்தோல் மெதுவாகத் தொங்கிப்போனது. ஒருநாள் சாயங்காலம் பார்த்தால் பங்காளிகள் இரண்டு பேரும் டபராவும் சிவப்பு நூலுக்குக் கீழே இறங்கி நம் பக்கம் வந்துவிட்டார்கள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. கமிட்டி அன்றைக்குப் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டது.

"சத்தமில்லாம முடிஞ்சிருச்சு பாத்தீகளா பாய்?" என்றார் பூட்டுக்காரர்.

சித்திரை வெயிலில் தோல் முறுக்கிக்கொண்டு மேலே ஏறியது. வந்த மூன்றோடு பெரியவரின் பாதி உடம்பும் சீனாவுக்குப் போனது. கார்டு இல்லாத சிவப்புக்கொடியை ஆட்டுகிறவர்போலக் கையைத் தூக்கினார். அத்தா மட்டும் அசரவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கையால் அள்ளி அள்ளித் தெளித்தார். இரண்டு நாளில் இழந்த மண்ணெல்லாம் திரும்பி வந்தது. உலகத்தில் எந்த ராணுவமும் எல்லைப் பிரச்சினையை இவ்வளவு குறைந்த செலவில் தீர்த்ததில்லை.

பாதைச் சண்டை அதைவிடப் பெரிசு. பெரியவருக்கு மூன்று வழி குறித்திருந்தேன். தெற்கு முகட்டின் மேலாக ஒன்று, மேற்குப் பனியாற்றைப் பிடித்துக்கொண்டு போவது ஒன்று, நேர் முகப்பில் செங்குத்தாக ஏறுவது ஒன்று. பூட்டுக்காரருக்கு நேர் முகப்புதான்.

"சாவி போடுற ஓட்டை முன்னாலதான இருக்கு? பின்னால போயி நோண்டுறவன் திருடன்" என்பார்.

கார்டுக்கு ஏற்றம் என்றாலே ஆகாது. "நூறடிக்கு ஒரு அடிக்கு மேல ஏத்தம் போனா பின்னால இன்னொரு இஞ்சின் போட்டுத் தள்ளணும். இல்லாட்டி வண்டி நின்னுரும்" என்பார். அதனால் மேற்குப் பனியாறு. அது சுற்றுவழி, நடுவில் பனிப்பிளவு என்று நான் சொன்னால், "பாலம் போட்டுக்கிறலாம்மா" என்பார். அத்தாவுக்குத் தெற்கு முகடு. காரணம், அடிவாரத்தில் கொஞ்சம் சமதரை இருந்தது. அங்கே அடுப்பு வைக்கலாம், பின்னாலேயே சோறு வரும்.

ஏறிய முகாம்களுக்கு அடையாளமாகப் பூட்டுக்காரர் சின்னச் சின்னப் பித்தளைப் பூட்டுகள் கொண்டுவந்தார். முகாம் அமைந்துவிட்டது என்று தீர்மானம் ஆனதும் அந்த இடத்தில் ஆணியடித்து ஒரு பூட்டைத் தொங்கவிடுவார்கள். சாவி தலைவரிடம் இருக்கும். ஒருநாள் தெற்கு முகட்டில் மூன்றாவது முகாமைக் காணோம். பனிச்சரிவுதான் என்றார் பூட்டுக்காரர். நேர் முகப்பில் போயிருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது என்று ஒரு மணி நேரம் பேசினார். அத்தா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அரிசிப் பெட்டிக்குப் பூட்டு இல்லைன்னு நாந்தான் எடுத்தேன். வேணுமா?" என்று கேட்டார்.

ஒருதரம் என் தொல்லை தாங்காமல், பயிற்சிக்காக எங்கள் ஊர்ப் பாறையில் ஏறுவது என்று தீர்மானம் ஆனது. ஊர் நடுவே கோட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிற பாறை. வெட்டிய படி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஓடி ஏறி ஓடி இறங்குவார்கள். மூன்று பேரும் குடை, விசிறி, பிரியாணிப் பொட்டலம், தண்ணீர்க் கூஜா சகிதம் புறப்பட்டார்கள். முதல் திருப்பத்தில் கொஞ்சம் நிழல் இருந்தது. உட்கார்ந்தார்கள். உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும், அவசரப்பட்டு ஏறினால் மூச்சடைக்கும் என்று பத்திரிகையில் போட்டிருந்ததை கார்டு நினைவுபடுத்தினார். உடம்பு பழகும்வரை பிரியாணி சாப்பிட்டார்கள். பிறகு இறங்கிவிட்டார்கள். அன்றைய தீர்மானத்தில் 'முதல் முகாம் வெற்றிகரமாக அமைந்தது' என்று சொல்லிக்கொண்டார்கள்.

நான் அவர்களை விட்டுவிட்டு மேலே போனேன். உச்சியில் காற்று முக்காட்டைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கிழக்கே சிறுமலை, மேற்கே கன்னிவாடி மலை, நடுவில் தென்னந்தோப்பும் கண்மாயும் எங்கள் ஊரும். ஜங்ஷனில் ஒரு ரயில் புகை விட்டுக்கொண்டு நின்றது. கால் வலிக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. இன்னும் மேலே ஏற வேண்டும்போல ஒரு பசி எடுத்தது. அங்கிருந்து மேலே ஏற ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குமுன் ஜார்ஜெட் சேலை வேண்டும் என்று கேட்டதெல்லாம் ஆசையில் சேர்த்தி இல்லை.

அடுத்த வருஷம் தை மாதம் எங்கள் தலைமையாசிரியை என்னை அறைக்கு அழைத்தார். டார்ஜிலிங் பக்கம் பனிமலையில் ஆசிரியைகளுக்கு மலையேறக் கற்றுக்கொடுக்கிறார்களாம். கயிறு கட்டுவது, பனிக்கோடாலியால் படி வெட்டுவது, கூடாரத்தில் தங்குவது எல்லாம் உண்டு. எங்கள் ஜில்லாவுக்கு ஓர் இடம். என் பெயரைச் சொல்லப்போவதாகச் சொன்னார். செலவு சர்க்காருடையது. கல்யாணமாகாத பெண் என்பதால் தகப்பனார் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும், அதுவும் இந்த மாதக் கடைசிக்குள்.

"ஒங்க அப்பா ஒத்துக்குவாரா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லைச் சிகரக் கமிட்டித் தலைவர் ஒத்துக்கொள்ளாமல் வேறு யார் ஒத்துக்கொள்வார்? எங்கள் வீட்டுச் சுவரில் வரைந்த மலைகளை நான் கண்ணால் பார்க்கப்போகிறேன், காலால் மிதிக்கப்போகிறேன் என்று வீடுவரைக்கும் ஓடாத குறையாக நடந்தேன்.

கமிட்டி கூடியிருந்தது. சொன்னேன். மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். பூட்டுக்காரர் கைதட்டினார். கார்டு சாருக்குக் கண் கலங்கியது. அத்தா என் தலையில் கைவைத்து, "எம் மக ஏறுவா. நான் சொல்லலை?" என்றார். அன்றைக்கும் பிரியாணிதான். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த மாமு ஒருவர், "கால்சட்டை போடணுமாம்ல? ஆம்பளைகளோட ஒரே கயித்துல கட்டி இழுப்பாகளாம்ல?" என்று ஆரம்பித்தார். அத்தா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"குளிருல சேலை கட்டிக்கிட்டு வெறைச்சுச் சாகச் சொல்றியா? போயி ஒன் சோலியப் பாரு" என்றார்.

உலகத்திலேயே என் அத்தாவைப்போல ஓர் அத்தா கிடையாது என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அந்த ஒரு விஷயத்தில் மாற்றிச் சொல்ல மாட்டேன். பெரிய மனசுதான் அவருக்கு. அந்தப் பெரிய மனசு கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு கேள்வி கேட்டது.

"சரி, எப்படிப் போறது?"

அவ்வளவுதான். கமிட்டிக்கு உயிர் வந்துவிட்டது.

மதராஸ் வரைக்கும் போவதிலேயே முதல் சண்டை. திருச்சியிலிருந்து விருத்தாசலம் வழியா, தஞ்சாவூர் மாயவரம் வழியா? விருத்தாசலம் வழி குறுக்கு. ஆனால் கார்டு சார் தன் ஆயுசில் பாதியை மாயவரம் வழியில் கழித்தவர். அந்த வழியில் ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் தனக்குத் தெரிந்தவர், பிள்ளையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அது முடியவே நாலைந்து சாயங்காலம் ஆனது. மதராஸுக்கு மேல் பெஜவாடா, வால்டேர் வழியாகக் கல்கத்தா போவதுதான் எல்லாரும் போகிற வழி. அத்தா கூடாது என்றார். அவருக்குக் கான்பூரில் ஒரு தோல் வியாபாரக் குடும்பத்தைத் தெரியும். டெல்லி போய், அங்கிருந்து கான்பூரில் இறங்கி, அவர்கள் வீட்டில் ரெண்டு நாள் தங்கி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, கம்பளி வாங்கிக்கொண்டு கல்கத்தா போகட்டும் என்றார்.

"அது தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை பாய்" என்றார் கார்டு.

பூட்டுக்காரருக்கு வேறு வருத்தம். டெல்லியிலிருந்து கான்பூர் போகிற ரயில் அலிகார் வழியாகப் போகிறது. அலிகாரிலும் பூட்டுச் செய்கிறார்கள். "நம்ம ஊருப் பிள்ளை அந்த ஊரு மண்ணுல கால் வைக்கலாமா? அவன் பூட்டு ஒரு பூட்டா?" என்றார். ரயிலில் உட்கார்ந்தபடியே போனால் மண்ணில் கால் படாது என்றேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு போக வேண்டும் என்றார்.

"ஒரு படம் போட்டுக் குடும்மா. பாத்துப் பேசுனாத்தான் தெளிவா இருக்கும்" என்றார் அத்தா.

போட்டேன். இந்தமுறை வெள்ளாட்டுத் தோலில் இந்தியா. ரயில் பாதையெல்லாம் கறுப்புக் கோடு. கல்கத்தாவுக்கு வடக்கே கங்கையைப் படகில் தாண்ட வேண்டும் என்று குறித்தது நான் செய்த தப்பு. படகு என்றதும் புதுச் சண்டை. பெண் பிள்ளையைப் படகில் அனுப்பலாமா, பாட்னா பக்கமாகச் சுற்றினால் என்ன, அங்கேயும் படகுதானே, எந்தப் படகு பெரிய படகு. அத்தாவும் கார்டு சாரும் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு நாள் போயிற்று.

பள்ளியில் தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தலைமையாசிரியை என்னைப் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். வீட்டுக்கு வந்து மூன்று பேர் முன்னால் நிற்பேன்.

"அத்தா, மொதல்ல சரின்னு பள்ளிக்கூடத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. பாதையப் பிறகு பாத்துக்கிறலாம்."

அத்தா பதில் சொல்லுமுன் கார்டு சார் சிரித்தார். "பாதை தெரியாம சிக்னல் குடுக்க முடியுமாம்மா? வண்டி எங்க போயி முட்டும்?"

"நாளைக்கு முடிவாயிரும்மா. செத்தப் பொறு" என்றார் அத்தா.

நாளைக்கு என்பதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நிஜமாகவே நாளைக்கு முடிவாகிவிடும் என்றுதான் நம்பினார். அம்மா ஒருநாள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "அவுக பெரியவர் மேல ஏறுன மாதிரிதான் ஒன்னைய ரயில் ஏத்துறதும். நான் வந்து டீச்சரம்மாகிட்டச் சரின்னு சொல்றேன்" என்றார். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வரவும் வந்தார். எனக்குத் தெரிந்து பள்ளிக்கூடப் படியை முதல்தடவையாக மிதித்தார். தலைமையாசிரியை அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். ஆனால் மேலிடத்தில் கேட்டிருப்பது தகப்பனார் சம்மதம், தாயார் சம்மதம் செல்லாது என்றார். தகப்பனாருக்கு ஆட்சேபணையே இல்லையே என்றேன். அப்படியென்றால் அவர் வந்து சொல்வதில் என்ன கஷ்டம் என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது? ஏறவேண்டிய ரயிலைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றா?

மாதம் முடிந்தது. இடம் பக்கத்து ஜில்லா டீச்சர் ஒருவருக்குப் போயிற்று. தலைமையாசிரியை என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை" என்றார். திட்டியிருக்கலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது முன்கூடத்தில் ஒரே சிரிப்பு. ஆட்டுத்தோல் இந்தியாவில் திண்டுக்கல்லிலிருந்து டார்ஜிலிங் வரைக்கும் ஒரு பச்சை நூல் ஓடியது. மாயவரம் வழியாக மதராஸ், பெஜவாடா வழியாகக் கல்கத்தா, பெரிய படகு. கான்பூரை அத்தா விட்டுக்கொடுத்துவிட்டார். அலிகார் தானாகவே விழுந்துவிட்டது. மூன்று பேரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போடாத குறை. பூட்டுக்காரர் என் வாயில் ஒரு துண்டு அல்வாவைத் திணித்தார்.

"கெடு நேத்தோட முடிஞ்சிருச்சு" என்றேன். வாயில் அல்வா இருந்தது.

கார்டு சார்தான் முதலில் தேறினார்.

"அதனால என்னம்மா? பாதை கெடச்சிருச்சுல்ல?"

மற்ற இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது சமாதானம் சொல்கிற பாவனை இல்லை. நிஜமான திருப்தி. நான் அடுப்படிக்குப் போய் அல்வாவைத் துப்பிவிட்டு, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். யாரைக் கோபிப்பது என்று தெரியாத கோபம். தடுத்தவர்களைக் கோபிக்கலாம். எனக்குத் தடுத்தவர் யாரும் இல்லை. அம்மா என்னைத் தேற்றவில்லை. பருப்பைக் கடைந்துகொண்டே பக்கத்தில் நின்றார்.

கோடை முடிந்து பள்ளி திறந்தபோது, போய்வந்த அந்த டீச்சர் எங்கள் பள்ளியில் பேச வந்தார். என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். ஒல்லியான பெண். மூக்கின் தோல் உரிந்து சிவந்திருந்தது. பனியில் பட்ட வெயில் என்றார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அத்தாவுக்குச் செய்தி போய்விட்டது. அன்று சாயங்காலமே கமிட்டி சார்பில் எங்கள் வீட்டில் பாராட்டு. நானே அவரை அழைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அத்தா சொல்லியனுப்பினார். அழைத்துக்கொண்டு வந்தேன்.

முன்கூடத்தில் பெஞ்சு போட்டு, தெருவில் உள்ளவர்களையெல்லாம் உட்கார வைத்திருந்தார்கள். மாலை போட்டார்கள். பூட்டுக்காரர் உள்ளதிலேயே பெரிய மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்த ஒல்லி உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தா தலைமை தாங்கிப் பேசினார். பெண்கள் வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்த காலம் போய்விட்டது என்றார். பெற்றவர்கள் பயப்படக் கூடாது, தைரியமாக அனுப்ப வேண்டும் என்றார். நன்றாகத்தான் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

பேச்சு முடிந்ததும் அந்த டீச்சர் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். எருமைத்தோலில் இருந்த மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். பெரியவரிடம் வந்ததும் நின்றுவிட்டார். தெற்கு முகட்டின்மேல் விரலை வைத்து, "இதுதாங்க தூரத்துல தெரிஞ்சது. அப்படியே இருக்குதுங்களே" என்றார். "யாருங்க வரைஞ்சது?"

"எம் மகதான்" என்றார் அத்தா. மார்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. "எல்லாம் அவ போட்டதுதான். அம்புட்டும் அவளுக்கு மனப்பாடம்."

அந்த டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க வந்திருக்கோணுமேங்க. ஏன் வரலைங்க?"

நான் வாயைத் திறந்தேன். அத்தா முந்திக்கொண்டார்.

"அவளுக்கு அதுலயெல்லாம் அம்புட்டு இஷ்டம் இல்லைம்மா. இஷ்டப்பட்டிருந்தா நாங்க வேணாம்னா சொல்லப்போறோம்? போறதுக்கு வழி மொதக்கொண்டு போட்டு வச்சிருந்தோம். அவதான் கெளம்பலை."

பூட்டுக்காரர் ஆமாம் என்றார். கார்டு சார் ஆட்டுத்தோல் இந்தியாவைக் கை காட்டினார். பச்சை நூல் அப்படியே இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் எழுந்து நின்றேன். அத்தாவை எதிர்த்து நாலு பேர் முன்னால் நான் பேசியது அதற்குமுன் கிடையாது.

"எனக்கு இஷ்டம் இருந்துச்சு அத்தா" என்றேன்.

அத்தா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கள்ளம் கிடையாது, கோபமும் கிடையாது. உண்மையிலேயே புதுசாக ஒன்றைக் கேள்விப்பட்டவர்போல ஆச்சரியப்பட்டார்.

"அப்ப ஏம்மா போகலை?" என்று கேட்டார்.